சுவரில் ஓடிய குடம்

ஷம்ஷாத் அக்காவின் பிரவுசிங் சென்டரில் எனக்கு இரண்டு வேலை. ஊருக்குத் தெரிந்தது ஜெராக்ஸ் போடுவது. தெரியாதது, ஆள் எழுந்து போனதும் கேபினைத் துடைக்கிற சாக்கில் உள்ளே போய், அவர் என்னென்ன பார்த்தார் என்று ஹிஸ்டரியைத் திறந்து பார்ப்பது. அசிங்கமாக ஏதாவது இருந்தால் வெளியே வந்து அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்ட வேண்டும். அடுத்த முறை அந்த ஆள் வரும்போது எல்லா சிஸ்டமும் ரிப்பேர் என்று அக்கா சொல்லிவிடுவார். தண்டையார்பேட்டையிலேயே இன்னொரு சென்டரைப் போலீஸ் வந்து பூட்டிய பிறகு அவர் யாரையும் நம்புவதில்லை. கேபின் கதவுகளைக்கூடப் பாதியாக அறுக்கச் சொல்லிவிட்டார். உட்கார்ந்திருப்பவரின் தலை வெளியிலிருந்தே தெரியும்.

இந்த வேலைக்கு அக்கா என்னைப் பிடித்துப் போட்டதற்குக் காரணம் நான் பேசமாட்டேன் என்பதுதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டு எழுப்பினால், பதில் தெரிந்தாலும் எனக்கு வாய் வராது. நின்று நின்று அலுத்துப்போய் ஒன்பதாம் வகுப்பின் நடுவில் போகாமலே இருந்துவிட்டேன். "இவ ஊமைக் கோட்டான், இவதான் சரி" என்றார் அக்கா. முதல் நாளே இன்னொன்றும் சொன்னார். "நம்ப ஹிஸ்டரி பாக்குறது மட்டும் வெளிய தெரிஞ்சுது, ஒருத்தன் வரமாட்டான். கடைய இழுத்து மூட வேண்டியதுதான்."

வீட்டில் போட்ட நிபந்தனை வேறு. கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது. என் அம்மா தாயம்மா காசிமேட்டில் இறால் உரிக்கப் போகிறவள். அவளோடு வேலை செய்கிற ஒருத்தியின் மகள் சாட்டிங் செய்து யாருடனோ போய்விட்டாள். அதிலிருந்து அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் என்றால் ஓடிப்போவது என்று அர்த்தம். அண்ணன் டில்லிபாபு கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். நான் ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில்தான் நிற்கிறேனா என்று போகிற வழியில் லாரியை ஓரங்கட்டிவிட்டு எட்டிப் பார்ப்பான்.

ஹென்றி என்று ஒருவர் சென்டருக்கு அடிக்கடி வருவார். முப்பது வயதிருக்கும். ராயபுரத்துக்காரர். யார்டு கேட்டில் நின்று, போகிற வருகிற கண்டெய்னர் பெட்டிகளின் நம்பரை எழுதுவது அவர் வேலை. ஓர் ஆளைச் சந்தேகப்படுவதற்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் அவரிடம் இருந்தன. கடைசி கேபின்தான் வேண்டும் என்பார். அதில் ஆள் இருந்தால் எழுந்து போகும்வரை காத்திருப்பார். வேறு கேபின் காலியாக இருந்தாலும் போகமாட்டார். ஸ்க்ரீனில் ஓடுவதை நிறுத்துவார், கொஞ்சம் ஓடவிடுவார், மறுபடி நிறுத்துவார். விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணுவார். நடுவில் பின்பக்கம் திரும்பி ஒரு பார்வை.

முதல்முறை அவர் போனதும் நான் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வரிசையாக வீடியோக்கள். ஒன்றின் பெயரும் புரியவில்லை. பாதிப் பெயர்கள் இங்கிலீஷ்கூட இல்லை. ஒளித்துப் பார்க்கிற சரக்குக்குத்தான் இப்படிப் பெயர் வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒன்றைத் தட்டினேன். சத்தத்தை வைக்கவில்லை.

கம்பளி நூலால் பின்னிய ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடப் பாடப் பாவாடையின் ஓரத்தில் நூல் பிரிந்துகொண்டு வந்தது. சரிதான், துணி அவிழ்கிறது, இதோ வரப்போகிறது என்று மவுஸில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பாவாடை முழுக்கப் பிரிந்தது. உள்ளே கால் இல்லை, எதுவுமே இல்லை. அவளே அந்த நூல்தான். இடுப்பு பிரிந்தது, கை பிரிந்தது, கடைசியில் வாய் மட்டும் பாடிக்கொண்டு நின்றது. அதுவும் பிரிந்தபின் ஸ்க்ரீன் முழுக்கச் சிவப்பு நூல் சுருண்டு கிடந்தது.

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.

அக்காவைப் பார்த்து அன்று தலையை ஆட்டவில்லை. அதற்காக அந்த ஆளை நம்பிவிட்டேன் என்றும் இல்லை. கல்யாண வயது தாண்டிய ஒருவர் பொம்மைப் படம் பார்க்க மூலையில் ஒளிகிறார் என்றால் அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கவேண்டும். அதைக் கண்டுபிடிக்கத்தான் மறுநாளும் பார்த்தேன், அதற்கு மறுநாளும் பார்த்தேன். மதியம் அக்கா தொழுதுவிட்டுச் சாப்பிட்டுவர வீட்டுக்குப் போவார். அந்நேரம் கடைக்கு யாரும் வருவதில்லை. கடைசி கேபினில் உட்கார்ந்து, ஹென்றி பார்த்துவிட்டுப் போனதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டுவேன். களிமண் கிழவன் ஒருவன் தன் நிழலைப் பிட்டுப் பிட்டுத் தின்றான். ஒரு பாட்டில் பாடுகிறவன் வாயிலிருந்து வார்த்தைக்குப் பதில் ரயில்பெட்டிகள் வந்து, அவன் தோளைச் சுற்றி ஓடிக் காதுக்குள் போயின. டிவியில் வருகிற பொம்மைப் படம் எதுவும் இப்படி இருந்ததில்லை. யார் இதையெல்லாம் செய்கிறார்கள், யார் கேட்டுச் செய்கிறார்கள், எதுவும் தெரியவில்லை. காசு கேட்கவில்லை, சோப்பு விற்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

எங்கள் சென்டரில் நெட் ரொம்ப மெதுவு. வட்டம் சுற்றும், படம் நிற்கும், கொஞ்சம் ஓடும், மறுபடி நிற்கும். அப்படிக் களிமண் கிழவன் நின்றுபோன ஒரு மதியம் அவன் கன்னத்தில் ஒரு கட்டைவிரல் ரேகையைப் பார்த்தேன். மனுசனுடைய ரேகை. யாரோ தொட்டுத் தொட்டு நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு போட்டோ எடுத்திருக்கிறார்கள். இவர் நிறுத்தி நிறுத்தி விரலை மடக்கியது அந்த நகர்த்தல்களை எண்ணுவதற்குத்தான்.

ஹென்றி திரும்பத் திரும்பப் பார்த்தது ஒரு நாயை. ஏதோ ஓர் ஊரில், கடைகள் மூடிக்கிடக்கும் தெருவில், சுவரில் கரியால் வரைந்த நாய். அது ஒரு கடைச் சுவரிலிருந்து அடுத்த கடைச் சுவருக்கு ஓடும், குழாயைத் தாண்டும், ஜன்னலை முகரும். ஒவ்வொரு அடிக்கும் பழைய நாயைத் துடைத்துவிட்டுப் புது நாயை வரைந்திருந்தார்கள். துடைத்தது சரியாகப் போகாமல், நாய் ஓடிய வழியெல்லாம் சாம்பல் நிறத்தில் கறை.

சம்பளம் அம்மாவின் கைக்குப் போனது. எனக்கென்று இருந்தது அந்த மதியங்கள்தான். அவை போய்விடக் கூடாது என்பதில் நான் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தேன்.

அந்த வருடம், இரண்டாயிரத்து எட்டில், மழை முடிந்த சமயத்தில் எங்கள் தெருவில் ராஜாத்தி அத்தை வீட்டு காஸ் சிலிண்டர் காணாமல் போனது. அத்தை வீடு தெரு வளைகிற இடத்துக்கு அந்தப் பக்கம். அவள் அழுது முடிப்பதற்குள் அடுத்த பேஜாரு. வீட்டு வாசல்களுக்குப் பக்கத்தில், வெள்ளையடித்த சுவரில், கரிக்கறை தெரிய ஆரம்பித்தது. ஏதோ வரைந்து அழித்த மாதிரி. வடக்கே இருந்து வருகிற திருட்டுக் கும்பல் முதலில் வீடுகளுக்கு அடையாளம் போட்டுவிட்டுப் போகும், பிறகு ஒரே ராத்திரியில் வழித்துக்கொண்டு போகும் என்று புளியந்தோப்பிலிருந்து மீஞ்சூர் வரை எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அத்தை ஒவ்வொரு வாசலாகப் போய்க் கறையைப் படித்துச் சொன்னாள். எங்கள் சுவரில் குடம் மாதிரி இரண்டு வட்டம் இருந்தது. "ரெண்டு கொடம்னா வூட்ல ரெண்டு பொம்பள. ஆம்பள லாரிக்குப் பூடுவான்னு நோட்டம் பாத்து வெச்சிகீறான்" என்றாள். அம்மா அன்றே கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் வாங்கிவந்தாள்.

நான் அந்தக் கறையின் முன்னால் நின்று பார்த்தேன். நாய் ஓடிய சுவர் மாதிரியே இருந்தது. அன்று ஹென்றி சென்டருக்கு வந்தபோது அவர் நகங்களைப் பார்த்தேன். இடுக்கில் கறுப்பு. யார்டில் வேலை செய்கிறவர் நகத்தில் கிரீஸ் இருக்கலாம், கரியும் இருக்கலாம். பொம்மைப் படத்தைக் காட்டி ஊரை ஏமாற்றுகிற திருடனாகவும் இருக்கலாம். யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால், நாய்ப் படத்தை நீ எங்கே பார்த்தாய் என்று என்னைத்தான் முதலில் கேட்பார்கள்.

எங்கள் தெருவுக்கு மெட்ரோ தண்ணி லாரி விடியற்காலையில் வரும். ஹாரன் கேட்டதும் எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடுவோம். அந்த நேரம் தெருவில் ஒரு ஜீவன் இருக்காது. சிலிண்டர் போன நாளிலிருந்து ராஜாத்தி அத்தை மட்டும் ஓடுவதில்லை. தன் குடத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். வளைவுக்கு இந்தப் பக்கம் நடப்பது அங்கிருந்து தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அவன் சிநேகிதர்களும் குடத்தோடு போவது போலப் போய், முக்கிலிருந்து சத்தமில்லாமல் திரும்பி வந்தார்கள். நான் தண்ணீரோடு வந்தபோது அடிபம்பில் நைலான் கயிற்றால் ஒருவரைக் கட்டிப்போட்டிருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. ஹென்றி.

காலடியில் ஒரு ஈரத்துணியும் கரித்துண்டுகளும் கிடந்தன. அவருடைய கேமரா அண்ணன் கையில் இருந்தது. அண்ணன் கடைசிப் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போய், சுற்றி நிற்பவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் வாசல்கள். கதவு, தாழ்ப்பாள், ஜன்னல். எங்கள் வீடு, பக்கத்து வீடு, அதற்கும் பக்கத்து வீடு.

"இன்னாடா இது?" என்றான் அண்ணன்.

"அனிமேஷன்" என்றார் ஹென்றி. உதட்டைத் துடைக்க முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டார். "பொம்மப் படம் மாரி. நானா எடுத்துகினு இருக்கேன்."

"பொம்மப் படம் எடுக்க எங்க வூட்டுத் தாப்பா எதுக்குடா?"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை. அண்ணனுடைய சிநேகிதன் ஒருவன் மரக்கடையிலிருந்து கட்டை எடுத்துவரப் போயிருந்தான். ஸ்டேஷனுக்கு அப்புறம் போகலாம், முதலில் இங்கே ஒரு ரவுண்டு முடிப்போம் என்று பேசிக்கொண்டார்கள். சிலிண்டரை எங்கே விற்றான் என்று கேள் என்று ராஜாத்தி அத்தை கத்தினாள். முழங்காலைப் பார்த்து அடிக்கச் சொன்னதும் அவள்தான்.

குடம் என் இடுப்பில் இருந்தது. அண்ணனின் கையிலிருந்த சின்னத் திரையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பின்னாலிருந்து முன்னால், நின்று நின்று பார்க்கிறான். அப்படிப் பார்த்தால் வாசல்தான் தெரியும், சுவரில் கரி நகர்வது தெரியாது. சொன்னால் இது முடியும். ஆனால் சொன்னால் அந்தக் கேபினும் முடிந்தது. கட்டை எடுக்கப் போனவன் தெருமுனையில் வருவது தெரிந்தது. நான் குடத்தை இறக்கி வைத்தேன். வாய் வரவில்லை. அதனால் கேமராவை அண்ணன் கையிலிருந்து பிடுங்கினேன்.

"ஏய், இன்னாடி பண்ற?"

முதல் படத்துக்குப் போய், அடுத்த படத்துக்கான பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பொம்பளை குடத்தைக் கீழே வைத்தாள். குடத்துக்குக் கால் முளைத்தது. அது எழுந்து நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, ஓட ஆரம்பித்தது. அவள் துரத்தினாள். குடம் பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாளில் ஏறிக் குதித்தது, ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து அடுத்த கம்பி வழியாக வந்தது, கரண்ட் மீட்டரில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது.

சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள். அண்ணன் கேமராவை வாங்கி, நான் செய்தது போலவே அழுத்திப் பார்த்தான். மறுபடி அழுத்தினான். கட்டையோடு வந்தவன் இடுக்கில் தலையை விட்டு, "மாமு, அது நம்ப வூட்டு மீட்டருடா" என்றான்.

ராஜாத்தி அத்தையும் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சந்தேகம் இன்னும் கூடிப்போனது அவளுக்கு. "எல்லார் வூட்டாண்டையும் ஓடுது. எங்க வூட்ட மட்டும் ஏன் வுட்டுட்டுப் போவுது? எங்க வூட்ல கைய வெச்சவன் இவன்தான், அதான் அந்தப் பக்கம் வரல."

"உங்க வூட்டாண்ட நீங்க நின்னுகினே கீறீங்க" என்றார் ஹென்றி. "நகந்தாத்தானே வரைவேன்."

இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. யாரோ கயிற்றை அவிழ்த்தார்கள். அவிழ்க்கிறவரையில் நான் அங்கே இருப்பதை எல்லோரும் மறந்திருந்தார்கள். அம்மா மறக்கவில்லை.

"அத அமுக்குனா ஓடும்னு ஒனக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டாள்.

"சென்டர்ல பாத்தேன்" என்றேன். "இவரு பாக்குறதையெல்லாம் நானும் பாத்தேன். ஹிஸ்டரில."

இவ்வளவு பேர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல்முறை. ஹென்றி கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். காப்பாற்றியவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. கேபினில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்ப்பாரே, அப்போதெல்லாம் சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிந்துகொண்ட முகம்.

நான் சென்டருக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. ஷம்ஷாத் அக்கா ஜெராக்ஸ் மிஷினின் பக்கத்தில் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை. காலையிலிருந்து மூன்று பேர் வந்து, எங்களுடையதையும் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். "நீ சொன்னதுல ஒரு மனுசன் தப்பிச்சான். நான் இல்லன்னு சொல்லல" என்றார். "ஆனா இனிமே நீ இங்க இருந்தா எவன் வருவான், சொல்லு." பார்க்கச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்க வேண்டும்போல இருந்தது.  கடைசி கேபினில் ஒரு பையன் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "கம்ப்யூட்டரத் தொட்டியா, இல்லியா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இனி வெளி வேலை எதுவும் வேண்டாம் என்று முடிந்துபோனது.

ஹென்றியின் விஷயம் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. கேமராவை அண்ணன் திருப்பிக் கொடுக்கவில்லை. மறுநாள் மாலை ஹென்றி கேட்டு வந்தபோது தெருவே கூடிப் பேசியது. படத்தைப் பாதியில் விட்டுவிட்டால் கறை மட்டும்தான் மிஞ்சும். ஆகவே முடித்துவிட்டுப் போகட்டும். முடித்ததும் எல்லாச் சுவருக்கும் சொந்தச் செலவில் வெள்ளையடித்துத் தரவேண்டும். ராஜாத்தி அத்தை வீட்டு வாசலில் குடம் கட்டாயம் ஓடவேண்டும், அதுவும் மற்ற வாசலைவிட அதிக நேரம். அதுவரை கேமரா எங்கள் வீட்டில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். இவ்வளவு லேசாகச் சரி என்கிறானே என்று அண்ணனுக்கு மறுபடி சந்தேகம் வந்தது.

"வரையிறப்போ ஒருத்தர் கூடவே இருக்கணும்" என்றான். "லாரி டைம்ல யாரு இருப்பா?"

ஒருவருக்கும் தண்ணீரை விட மனசில்லை. கடைசியில் அண்ணன் என்னைக் காட்டினான். "இவளுக்குத்தான் வேல இல்லியே. அவன் இன்னா பண்றான்னு இவளுக்குத்தான் புரியும். உக்காந்து பாத்துகினு இருக்கட்டும். எங்கனா வேற கதவப் படம் எடுத்தான்னா கொரல் குடு."

அம்மா வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். தெருவே சொல்லி, தெரு நடுவில், கம்ப்யூட்டர் இல்லாமல் உட்காருவதில் அவளுக்குத் தப்பு தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு விடிவதற்குள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ராஜாத்தி அத்தை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போட்டேன். ஹென்றி வந்தார். கேமராவைக் கொடுத்தேன். அதில் எல்லாப் படமும் இருக்கிறதா என்று முன்னும் பின்னும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அதை ஸ்டாண்டில் மாட்டினார். ஓடிவிடுவாரோ என்று நான் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  லாரி ஹாரன் கேட்டதும் தெரு காலியாயிற்று. ராஜாத்தி அத்தையும் இந்த முறை தானாகவே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் குடத்தை வரைந்தார். பின்னால் வந்து ஒரு படம் எடுத்தார். திரும்பிப் போய் ஒரு காலை மட்டும் துடைத்து, கொஞ்சம் தள்ளி வரைந்தார். பின்னால் வந்து இன்னொரு படம். கேபினில் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகிற ஒரு தாவலுக்கு இங்கே வானம் வெளுத்துவிட்டது. குடம் அத்தை வீட்டு வாசற்படியில் ஒரு காலை வைத்து, உள்ளே போகலாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றது.

அப்போது கதவு திறந்தது. அத்தை தலையை நீட்டி, "இன்னும் எங்க வூடு வர்லியா?" என்று கேட்டாள்.

ஹென்றி கையில் கரியோடு அப்படியே நின்றார்.

"அத்தே, கதவ மூடு" என்றேன். "படத்துல வுழுது."

அத்தை மூடினாள். ஹென்றி திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். கதவு முன்பு இருந்த அளவுக்கே சாத்தியிருக்கிறதா என்று நெருங்கிப் போய்ப் பார்த்தார். கொஞ்சம் இழுத்துச் சரிசெய்தார். பிறகு பின்னால் வந்து பட்டனை அழுத்தினார்.